மனைவியின் பெயரில் ஒரு காப்புறுதி

பிரித்தானியாவில் 2023ஆம் ஆண்டில் வாகனக் காப்புறுதிக் கட்டணம் கடுமையாக உயர்ந்தது. பழுதுபார்க்கும் செலவும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியமை அதற்கான காரணங்களுட் சில. பின்னர் அது சற்றுத் தணிந்தபோதிலும், புதுப்பித்தற் கடிதம் வரும் நாள் எங்கள் இல்லங்களில் இன்றும் சச்சரவுக்குரிய நாளே. கணவர் முணுமுணுத்தவாறு பணத்தைக் கட்டுகிறார். மனைவி அக்கடிதத்தைப் பார்ப்பதேயில்லை. அக்கடிதம் இருவருக்கும் உரியது என்பதே எமது கருத்து.

எங்கள் குடும்பங்களிற் பெரும்பாலும் காப்புறுதி கணவரின் பெயரிலேயே இருக்கிறது. மனைவி மேலதிகச் சாரதியாகச் சேர்க்கப்படுகிறார். நட்டஈடு கோராது ஓட்டிய ஆண்டுகளுக்குரிய ‘நோ கிளெயிம்ஸ்’ கட்டணக் கழிவோ, காப்புறுதி யாருடைய பெயரில் உள்ளதோ அவருக்கே சேர்கிறது. பத்தாண்டுகளாகப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றியிறக்கிய பெண்ணுக்கு, பெரும்பாலான நிறுவனங்களின் கணக்கில், ஓராண்டுக் கழிவுகூட இல்லை. கணவர் இறந்தாலோ மணமுறிவு நேர்ந்தாலோ அவர் புதிய சாரதியைப் போலத் தொடங்க வேண்டியவராகிறார். நாட்டைவிட்டு வந்து அனைத்தையும் ஒருமுறை புதிதாகத் தொடங்கியவருக்கு இது இரண்டாவது தண்டனை.

இன்னொரு வழக்கம் இதனினும் ஆபத்தானது. கட்டணம் குறையுமென எண்ணி, நாள்தோறும் ஓட்டுபவரை விடுத்து மற்றவரைப் பிரதான சாரதியாகக் காட்டுகின்றனர் சிலர். 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டப்படி, வேண்டுமென்றே பொய்யுரைத்தவரின் ஒப்பந்தத்தை நிறுவனம் செல்லாததாக்கலாம். அவர் கோரும் நட்டஈட்டையும் மறுக்கலாம்.

நேர்மையான வழிகள் உள்ளன. 2017 ஏப்ரல் முதல் புதுப்பித்தற் கடிதத்திற் சென்ற ஆண்டின் கட்டணமும் குறிக்கப்படல் வேண்டும், இரண்டையும் ஒப்பிடுங்கள். பழைய வாடிக்கையாளரிடம், அதே நிறுவனம் புதியவரிடம் கேட்பதிலும் கூடுதலாகக் கேட்பது 2022 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆயினும் வேறு நிறுவனம் குறைவாகத் தரக்கூடும். முடிவுநாளுக்கு மூன்று வாரங்கள் முன்னரே விசாரியுங்கள். மாதத் தவணைக்குப் பெரும்பாலும் வட்டி உண்டென்பதை மறவாதீர்கள்.

வீட்டில் இரண்டு வாகனங்கள் இருப்பின், ஒன்றின் காப்புறுதியை மனைவியின் பெயரில் எடுங்கள். ஒன்றே இருந்து, அதனை அவரே கூடுதலாக ஓட்டுவாராயின், காப்புறுதியும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். முதலாண்டிற் கட்டணம் கூடக்கூடும். சீட்டுக் கட்டவும் நகை வாங்கவும் பணம் ஒதுக்கும் நாம், அப்பெண்ணின் பெயரில் ஒரு கழிவு வளர்வதற்காக அத்தொகையை ஒதுக்கலாகாதா?