குழந்தைகளின் கோணல் பல்லும் தலையெழுத்தும்

நமது நாட்டில் ஒரு குழந்தைக்குப் பல் முளைப்பதென்பது அதன் வாய்க்குள் நடக்கிற காரியமாக மட்டும் கருதப்படுவதில்லை. மேல்பல் முதலில் முளைத்துவிட்டால் மாமனுக்கு ஆகாது என்பார்கள். உடனே ஜோசியரிடம் ஓட்டம், பரிகாரம், செலவு. பால்பல் விழுந்தால் அதைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறியவேண்டும் என்பார்கள். தெற்றுப்பல் இருந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். இவ்வளவு அக்கறையும் யாருக்காக? மாமனுக்காக, கூரைக்காக, அதிர்ஷ்டத்துக்காக. பல்லை உடைய குழந்தைக்காக ஏதாவது உண்டா என்று கேட்டால், அதுதான் இல்லை. அதே குழந்தைக்கு 7 வயதில் கீழ்வரிசைப் பல் மேல்வரிசைக்கு வெளியே வந்து கடித்தாலும், முன்பல் எடுப்பாகி உதடு மூடாமல் போனாலும், "அவன் தலையெழுத்து அப்படி, அவன் அப்பனுக்கும் அப்படித்தான்" என்று ஒரே பேச்சில் காரியம் முடிந்துவிடுகிறது.

இந்தத் தலையெழுத்து வாதத்தை முதலில் பரிசோதித்துப் பார்ப்போம். தகப்பனுடைய தாடை அமைப்பு பிள்ளைக்கு வருவதுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வந்தது மாறாது என்று சொல்வதற்கு என்ன ஆதாரம்? ஒரு பல்லின்மேல் மெல்லிய கம்பியால் சிறிது சிறிதாக, விடாமல் அழுத்தம் கொடுத்துவந்தால், அழுத்தம் விழும் பக்கத்து எலும்பு கரைந்து வழிவிடுகிறது. மறுபக்கத்தில் புது எலும்பு வளர்ந்து பள்ளத்தை நிரப்புகிறது. பல் நகர்ந்துவிடுகிறது. இது மந்திரமல்ல, தினமும் நடக்கிற பிரத்தியட்சமான காரியம். பாரிசிலிருந்த பியர் போஷார் என்னும் பல் வைத்தியர் உலோகப் பட்டையைக் கொண்டு பல்லை வரிசைப்படுத்தும் முறையை 1728ம் வருஷத்திலேயே தமது புத்தகத்தில் எழுதிவைத்தார். அமெரிக்கரான எட்வர்டு ஏங்கிள் 1899ல், மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்தாமல் போகும் விதங்களை வகைப்படுத்திக் கொடுத்தார். எழுதிய எழுத்து அழியாது என்கிறார்கள். அந்த எழுத்து இருப்பதாகச் சொல்லப்படும் மண்டையிலேயே, பல்லைத் தாங்கும் எலும்பு ஒரு சிறு கம்பிக்கு இணங்கி இடம் மாறுகிறதென்றால், அந்த எழுத்தின் யோக்கியதையை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

நிற்க, "விழப்போகிற பல்தானே" என்னும் மற்றொரு பேச்சுக்கு வருவோம். இது ஜோசியத்தைவிட அதிகக் கெடுதி செய்கிறது. பால்பற்கள் மொத்தம் 20. அவை மெல்லுவதற்கு மட்டுமல்ல, பின்னால் வரப்போகும் பல்லுக்கு இடம்பிடித்து வைப்பதற்கும் இருக்கின்றன. பின்பக்கத்துப் பால்பற்கள் சாதாரணமாக 10 முதல் 12 வயது வரை இருக்கவேண்டியவை. மிட்டாயும் சர்க்கரையும் தின்று, துலக்காமல் விட்டு, அவை 5 வயதிலேயே சொத்தையாகிப் பிடுங்கப்பட்டால் என்ன நடக்கும்? பின்னாலுள்ள பல் முன்னால் சாய்ந்து அந்த இடத்தைக் கைப்பற்றிக்கொள்ளும். உரிய காலத்தில் முளைக்கவேண்டிய பல், பஸ்ஸில் துண்டு போட்டுவைத்த இடத்தில் வேறொருவன் உட்கார்ந்துகொண்டதைப்போல, இடமில்லாமல் கோணலாகவாவது வரும்; எலும்புக்குள்ளேயே சிக்கிக்கொள்ளவும் கூடும். பல் பிடுங்கின உடனே பல் டாக்டர் ஒரு சிறு வளையமும் கம்பியும் வைத்து அந்த இடத்தைக் காப்பாற்றிக் கொடுக்க முடியும். ஆகவே பால்பல்லைப் பிடுங்கச் சொல்லும்போதே, "இந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டுமா?" என்று கேட்பது பெற்றோர்களின் கடமையாகும்.

இன்னொன்று. சுமார் 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால்பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கிறது. ஒன்றும் விழவில்லையே என்று பலர் அதையும் பால்பல்லென்றே எண்ணிச் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல். போனால் போனதுதான், மறுபடி முளைக்காது. இரண்டு வரிசைகளும் பொருந்தி நிற்பதற்கு அதுவே பெரிய ஆதாரம்.

இனி, சிறு வயதிலேயே கவனிக்கவேண்டிய கோளாறுகள் எவை என்று பார்ப்போம். வாயை மூடினால், டப்பாவை மூடி மூடுவதுபோல மேல்வரிசை கீழ்வரிசைக்கு வெளியே நிற்கவேண்டும். ஒரு பக்கத்தில் இது தலைகீழாயிருந்தால், குழந்தை தாடையை ஒரு பக்கமாகத் தள்ளித்தள்ளிக் கடிக்கும். வளர வளர முகமே ஒரு பக்கம் கோணிப்போகக்கூடும். மேலண்ணத்தின் நடுப்பொருத்து சிறு வயதில் இறுகாமலிருப்பதால் அப்போது அதைச் சுலபமாக அகலப்படுத்தலாம். பெரியவனான பிறகு சிலருக்கு ஆபரேஷனே தேவைப்பட்டுவிடும். முன்பல்லிலேயே கீழ்ப்பல் வெளியே நின்றாலும் உடனே காட்டவேண்டியதுதான். விரல் சூப்புவது மற்றொன்று. பெரும்பாலான குழந்தைகள் 4 வயதுக்குள் தாமாகவே விட்டுவிடுகின்றன. நிரந்தர முன்பல் முளைக்கும் 6, 7 வயதிலும் அது நீடித்தால் மேல்பல் முன்னால் தள்ளப்பட்டு, மேலும் கீழும் சேராமல் சந்து விழும். அதற்காக விரலுக்குச் சூடு போடுவதும், பிரம்பெடுப்பதும் காட்டுமிராண்டித்தனமே ஒழிய வைத்தியமல்ல. அன்பாகச் சொல்லி, விட்ட நாளில் பாராட்டி நிறுத்தப் பார்க்கவேண்டும். முடியாவிட்டால் டாக்டரிடம் காட்டவேண்டும். எப்போதும் வாயைத் திறந்துகொண்டு மூச்சுவிட்டு, குறட்டைவிட்டுத் தூங்கும் குழந்தைக்கு மூக்கையும் தொண்டையையும் சோதிக்கவேண்டும்.

ஆனால், ஜோசியனிடமிருந்து தப்பியவன் வியாபாரியிடம் விழவேண்டியதில்லை என்பதையும் நாம் சொல்லியாகவேண்டும். 7, 8 வயதில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் சந்து தெரிவது அநேகமாக இயற்கை. 11, 12 வயதில் கோரைப்பல் இறங்கும்போது பெரும்பாலும் அது தானாகவே மூடிக்கொள்ளும். சிறிது நெருக்கத்துக்காகவும் 7 வயதில் கம்பி கட்ட அவசரப்படவேண்டியதில்லை. எடுப்பான முன்பல்லைப்பற்றி 2013லும் 2018லும் காக்ரேன் என்னும் மருத்துவ ஆராய்ச்சித் தொகுப்பில் வந்த முடிவு என்ன? சிறு வயதில் ஒருமுறையும் பிறகு ஒருமுறையுமாக இரண்டு தடவை சிகிச்சை செய்த குழந்தைகளுக்கும், பருவ வயதில் ஒரே தடவை செய்தவர்களுக்கும் கடைசியில் பல் அமைப்பில் பெரிய வித்தியாசமில்லை என்பதே. முன்பல் அடிபட்டு உடைவது குறைகிறது என்கிற ஒரு லாபம் மட்டும் சிறு வயதுச் சிகிச்சைக்கு உண்டு. ஆகவே பல் மிகவும் எடுப்பாயிருந்து, ஓடி விளையாடி விழுகிற பிள்ளையானால் முன்னதாகச் செய்யலாம், மற்றவர்கள் காத்திருக்கலாம். வெள்ளைக்கோட்டு போட்டவர் சொன்னார் என்பதற்காக மட்டும் நம்புவது, காவி போட்டவர் சொன்னார் என்று நம்புவதைவிட எந்தவிதத்திலும் உயர்ந்ததல்ல. "இப்போதே செய்யாவிட்டால் என்ன கெடும்? காத்திருந்தால் என்ன ஆகும்?" என்று தைரியமாகக் கேளுங்கள். யோக்கியமான டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார், காரணம் சொல்லுவார்.

இவ்விஷயத்தில் பெண்களுக்கு நடக்கும் அநியாயம் தனி. பெண் குழந்தையின் பல்லை 7 வயதில் பார்க்காத பெற்றோர், 20 வயதில் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றவுடன் கம்பி கட்ட ஓடுகிறார்கள். மெல்லுவது அவள், வலி தாங்குவது அவள், சொத்தை வந்தால் அனுபவிப்பது அவள். ஆனால் அவள் பல் யாரோ பார்த்துத் திருப்திப்படுவதற்காக மட்டும் இருக்கிறதா? மாட்டைப் பல் பிடித்துப் பார்த்து விலை பேசுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஆணானாலும் பெண்ணானாலும் நன்றாக மென்று தின்பதற்கும், தெளிவாகப் பேசுவதற்கும், கூச்சமில்லாமல் நாலுபேர் நடுவில் சிரிப்பதற்குமே பல் சீராக இருக்கவேண்டும்.

ஏழைகளுக்கு இது ஆகுமா என்று கேட்கலாம். கம்பிச் சிகிச்சைக்குப் பணமும் பல மாதங்களும் ஆவது உண்மைதான். ஆனால் ஒரு தடவை காட்டுவதற்கு அவ்வளவு ஆகாது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2013ல் மத்திய சர்க்கார் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்னும் திட்டத்தில், 18 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் கண்டுபிடிக்கவேண்டிய கோளாறுகளின் பட்டியலில் பல் கோளாறும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்திற்குப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் சொத்தையை எண்ணுவதோடு நிற்காமல், பிள்ளையை வாய்மூடிக் கடிக்கச் சொல்லியும் பார்க்கவேண்டுமென்று பெற்றோர்கள் கேட்கவேண்டும். கேட்காத இடத்தில் எந்தச் சர்க்காரும் தானாக வந்து செய்யாது.

பிள்ளைகளின் பல் வரிசையை 7 வயதுக்குள் ஒரு தடவை காட்டிவிடவேண்டும் என்பது அமெரிக்கப் பல் சீரமைப்பு வைத்தியர்கள் சங்கத்தின் யோசனை. காட்டுவதென்றால் கம்பி கட்டுவதென்று அர்த்தமல்ல. பல பிள்ளைகளுக்கு "இப்போது ஒன்றும் வேண்டாம், அடுத்த வருஷம் கொண்டுவாருங்கள்" என்பதே பதிலாயிருக்கும். அதுவும் நல்ல பதில்தான். பெயர் வைக்கவும் காது குத்தவும் நாள் பார்க்கிற நம் மக்கள், பிள்ளைக்கு 7 வயது ஆவதற்குள் நாள் பார்க்காமலேயே ஒரு நாள் அதன் வாயைத் திறந்து பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.