முதுகில் எழுதினவன் யார்?



"எல்லாம் அவன் தலையெழுத்து" என்று சொல்லிப் பழகிய நம் ஜனங்கள், பிள்ளையின் முதுகிலுள்ள எழுத்தை மாத்திரம் படிக்க மறுப்பதேன் என்று கேட்கின்றோம். தலையில் எழுதினவனை எவரும் கண்டதில்லை. முதுகில் எழுதினவனோ அதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான்!

வில்லியனூரிலாகட்டும் பாகூரிலாகட்டும், "தழும்பு ஏது?" என்றால் "விழுந்துவிட்டான்" என்பதே சமாதானம். ஓடியாடி விழுகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் முழங்கால், கணைக்கால், நெற்றியில் அடிபடும். காதிலும் கழுத்திலும் முதுகிலும் பிட்டத்திலுமா தரை தேடி வந்து அடிக்கும்? தவழவே தெரியாத சிசுவின் மேல் கன்றிய தடமிருந்தால், அது எங்கே ஓடி எங்கே விழுந்தது?

பிரம்படி நடுவே வெளுத்து இருபுறமும் கோடாகக் கன்றும். மடித்த கயிறு வளையமாகக் கன்றும். கரண்டிச் சூடு கரண்டியின் உருவத்தையே பதிக்கும். தவறிக் கொட்டிய வெந்நீர் சிதறி வழியும். பிடித்து அமுக்கியதோ காலுறை மாட்டியதுபோல் ஒரே மட்டத்தில் நிற்கும்.

இவ்விதக் காயங்களைப் பற்றிப் பாரிசு நகர டாக்டர் தார்தியூ 1860லேயே எழுதிவிட்டார். 1954 வரை புதுவையை ஆண்ட பிரெஞ்சுக்காரனுடைய சிவப்புத் தொப்பி நம் போலீசாரின் தலையில் மிஞ்சிற்று. அந்த அறிவு மாத்திரம் நம் தலையில் ஏறவில்லை!

"சூடு போட்டால் நோய் தீரும்" என்னும் மடமையோ கொலையிலேயே முடிகிறது. 2023இல் மத்தியப் பிரதேசம் ஷாடோலில், நிமோனியா கண்ட சுமார் 3 மாதக் குழந்தைக்கு 50 தடவைக்கு மேல் சூடு போட்டார்கள், குழந்தை செத்தது. இதுவா வைத்தியம்?

"அடியாத மாடு படியாது" என்பார்கள். பிள்ளை மாடா?

நிற்க. எல்லாத் தடமும் அடியல்ல. பிறவியிலேயே இடுப்பில் நீலத் திட்டு இருப்பதுண்டு. ரத்தக் கோளாறினாலும் உடம்பு கன்றும். ஆதலால் பஞ்சாயத்துக் கூட்டி யாரையும் குற்றவாளியாக்க வேண்டாம். பிள்ளையிடம் தனியே, அன்பாய்க் கேளுங்கள், குடைந்து கேளாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். 1098க்குச் சொல்லுங்கள். வாத்தியார் அடிப்பதை 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. வளர்ப்பவரே கொடுமை செய்தால் 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு 3 வருஷம் வரை சிறை என்கிறது.

"அவன் பிள்ளை, அவன் அடிக்கிறான், நமக்கென்ன?" என்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். பிள்ளை எவனுடைய சொத்துமல்ல. தடத்தைப் பார்த்தும் வாய் திறவாதவன், அடுத்த அடிக்குப் பிரம்பெடுத்துக் கொடுத்தவனே ஆவான்.