மாறும் முகவரிக்கு ஒரு வாய்ப்பூட்டு

மின்னஞ்சல் யாருடைய சொத்து? 1982 இல் ஜோன் பொஸ்டல் எழுதிய எஸ்.எம்.ரி.பி. நெறிமுறையைப் படித்தால் விடை தெளிவு. ஒரு கணனி இன்னொரு கணனியிடம் நேரடியாகக் கடிதத்தைக் கையளிக்கலாம். எந்தப் பெருநிறுவனத்தின் அனுமதியும் தேவையில்லை. இன்று அந்த உரிமை ஏட்டளவில் மட்டுமே இருக்கின்றது.

தகவல் தந்தவரைக் காப்பது பத்திரிகைத் தொழிலின் முதல் அறம். யார் யாருக்கு எப்போது எழுதினார் என்ற பதிவு மூன்றாமவரிடம் கிடப்பதை நான் விரும்பவில்லை. ஆகையால் வீட்டிலுள்ள பழைய கணனியொன்றில் சொந்த அஞ்சல் வழங்கியை நடத்துகின்றேன். எதிர்முனையில் பதிவு இருக்கலாம். அதற்காக என் முனையையும் திறந்து வைக்க வேண்டுமா?

அஞ்சலைப் பெறுவதில் தொல்லையில்லை. ஐ.பி. முகவரி மாறும்போது டி.என்.எஸ். பதிவும் தானாகத் திருத்தப்படுகின்றது. மின்சாரம் நின்றாலும், அனுப்பும் வழங்கி நான்கைந்து நாட்களாவது மீண்டும் முயல வேண்டும் என்கின்றது நெறிமுறை.

தொல்லையெல்லாம் அனுப்புவதில்தான். இணைப்பு வழங்குநர் பலர் 25 ஆம் இலக்க வாயிலை அடைத்துவிடுகின்றனர். அடைக்காத இடத்திலும், ஸ்பாம்ஹவுஸின் பி.பி.எல். போன்ற பட்டியல்களில் வீட்டு முகவரிகள் மொத்தமாகச் சேர்க்கப்பட்டுள்ளன. அது குற்றம் புரிந்தோரின் பட்டியல் அல்ல. இங்கிருந்து நேரடியாக அஞ்சல் வரக்கூடாது என்னும் கொள்கைப் பட்டியல். ஒரு வரி எழுதுமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகின்றது.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2003 இல் சோபிக் போன்ற புழுக்கள் வீட்டுக் கணனிகளைக் கைப்பற்றி எரிதம் அனுப்பும் இயந்திரங்களாக்கின. அன்று வாயிலை அடைத்தது நியாயமே. ஆனால் இன்று டி.கே.ஐ.எம். கையொப்பம் இருக்கின்றது, கடிதத்துக்கு எந்தத் தளப்பெயர் பொறுப்பேற்கின்றது என்பதை அது காட்டும். எரிதக்காரனும் கையொப்பமிடுவான் என்பீர்கள். இடட்டும், அவனுடைய தளப்பெயரை ஒதுக்குங்கள், தெரு முழுவதையும் அல்ல.

2024 பெப்ரவரி முதல் கூகிளும் யாஹூவும் அனுப்புவோரிடம் இத்தகைய சான்றுகளைக் கேட்கின்றன. கூடவே முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் பின்னோக்கு டி.என்.எஸ். பதிவும் வேண்டுமாம். அதை எழுதும் அதிகாரமோ என்னிடம் இல்லை. இணைப்பு வழங்குநரிடம் இருக்கின்றது.

வேறொரு நிறுவனத்தின் வழங்கியூடாக அனுப்பலாமே என்பர் சிலர். எந்த மூன்றாமவரைத் தவிர்க்க இவ்வளவு பாடுபட்டேனோ, அவர் கையிலேயே கடிதத்தைக் கொடுப்பதல்லவா அது?

நிலையான முகவரி கேட்டால் தட்டுப்பாடு என்ற பதில் வரும். ஐ.பி.வி.4 முகவரிகளின் உலகப் பொது இருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தது உண்மை. ஆனால் ஐ.பி.வி.6 வரையறை 1998 இலேயே வந்துவிட்டது; அதில் பஞ்சத்துக்கு இடமேது?

நான் கேட்பது சலுகையல்ல. விரும்பிக் கேட்பவருக்கு நிலையான முகவரியும் பின்னோக்குப் பதிவும் நியாயவிலையில் கொடுங்கள்; 25 ஆம் வாயிலைத் திறந்துவிடுங்கள். தவறு செய்தால் எனக்குரியதை மட்டும் அடையுங்கள். சொந்தமாகக் கடிதம் அனுப்ப முடியாதவன் இணையத்தில் குடிமகனல்லன். வெறும் வாடகைக் குடியிருப்பாளன்.