பீர் காய்ச்சவும் ஒரு நோட்டு வேண்டும்

தலைப்பைப் பார்த்து முகம் சுளிக்கும் நண்பர்களே, இது குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல. தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இங்கே யாரும் முயல வேண்டாம். அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு வழிவிட்டது. சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம், விற்கக் கூடாது. ஓரிகனில் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கியபோது அவனோடு சேர்ந்து நானும் அந்தத் தொழிலைக் கற்றேன். மாத்திரை சாப்பிடுகிறவன் என்பதால் எனக்கு ருசி பார்க்க இரண்டு வாய் மட்டும்தான்.

அதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. சொந்தச் செய்முறை வேண்டுமென்றால் முதலில் பொருட்களைக் குறைக்க வேண்டும்.

பீருக்கு வேண்டியது நான்கே பொருள்: தண்ணீர், முளைகட்டிய பார்லியான மால்ட், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட். ஆனால் இளைஞர்கள் முதல் தடவையே ஐந்து வகை ஹாப்ஸ், தேன், காப்பிக்கொட்டை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போடுகிறார்கள். நன்றாக வந்தால் எதனால் வந்தது என்று தெரியாது. கெட்டுப் போனாலும் அப்படியே.

நாங்கள் ஒரே மால்ட், ஒரே ஹாப்ஸ் என்று தொடங்கினோம். 19 லிட்டருக்கு நாலரை கிலோ மால்ட். ஹாப்ஸ், அந்த மாநிலத்திலேயே உருவாகி 1972-ல் வெளிவந்த கேஸ்கேட். உடைத்த மால்ட்டை 66 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும். வடித்த சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிறோம். ஆரம்பத்தில் போடும் ஹாப்ஸ் கசப்பைத் தரும், கடைசியில் போடுவது மணத்தைத் தரும். ஆறவைத்து ஈஸ்ட் போட்டு, 19 டிகிரியில் இரண்டு வாரம் விட வேண்டும். பால்மானி போன்ற ஒரு கருவியில் அளவு 1.050-லிருந்து 1.012-க்கு இறங்கினால் சாராயச் சத்து சுமார் 5 சதவீதம். பிறகு பாட்டிலில் இன்னும் இரண்டு வாரம்.

அடுத்த தடவை ஊறும் வெப்பத்தை மட்டும் 69 ஆக்கினோம். வாயில் கனம் கூடியது. மூன்றாம் தடவை பழைய வெப்பத்துக்கே திரும்பி, கால் கிலோ கேரமல் மால்ட் மட்டும் சேர்த்தோம். நிறமும் இனிப்பும் மாறின. ஒரு கேள்விக்குப் பதில் வர ஒரு மாதம் ஆகும். அந்தப் பொறுமை நம் வயதுக்காரர்களிடம்தான் இருக்கிறது!

"இதையெல்லாம் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுத் தருமே அப்பா" என்றான் மகன். தரும், கணக்கும் சரியாகவே இருக்கும். எவ்வளவு கசக்கும் என்று அது சொல்லும். அந்தக் கசப்பு உனக்குப் பிடிக்குமா என்று சொல்லாது. அதை நாக்குதான் சொல்ல வேண்டும், கை அதை எழுதி வைக்க வேண்டும்.

அதே வீட்டில் என் மனைவியும் இதைத்தான் செய்தாள். நாலுக்கு ஒன்று என்ற நம் ஊர்க் கணக்கில் அரைத்த இட்லி மாவு அந்தக் குளிரில் பொங்கவில்லை. ஒரு நாள் வெந்தயம் கூட்டினாள். இன்னொரு நாள் ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை உள்ளே வைத்தாள், பொங்கிவிட்டது. ஆனால் எதையும் எழுதவில்லை. என் அம்மாவும் எழுதவில்லை. அவர் போட்ட மாவடுவின் பக்குவம் அவரோடு போய்விட்டது. இன்று வரை எங்கள் வீட்டில் யாருக்கும் அது கைகூடவில்லை.

கைப்பக்குவம் என்று நாம் பெருமையாகச் சொல்வது பெரும்பாலும் எழுதப்படாத அளவுதான். பீரோ, ஊறுகாயோ, சாம்பார் பொடியோ, தேதி போட்டு அளவை எழுதுங்கள். என்ன மாற்றினீர்கள் என்பதையும், எப்படி வந்தது என்பதையும் ஒரு வரி சேருங்கள். பிள்ளைகள் இன்று படிக்காவிட்டால் பரவாயில்லை. ஒரு நாள் தேடுவார்கள்.