குறையும் ஒயின் இறக்குமதி வரி: நாசிக்கின் சிறு ஆலைகளுக்கு எந்தத் திராட்சை கைகொடுக்கும்?

நாசிக்: ஆஸ்திரேலிய ஒயினுக்கான இறக்குமதி வரி படிப்படியாகக் குறைந்துவரும் நிலையில், மகாராஷ்டிர மாநிலம் நாசிக்கில் இயங்கும் சிறு ஒயின் ஆலைகளின் எதிர்காலம், அவை தேர்ந்தெடுக்கும் திராட்சை ரகத்தைப் பெரிதும் சார்ந்துள்ளது.

2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த இந்தியா–ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தத்தின்படி, குறைந்தபட்சம் 5 டாலர் இறக்குமதி விலை கொண்ட ஒயின் புட்டிகளுக்கான வரி 150 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 10 ஆண்டுகளில் இது 50 சதவீதமாகும். 15 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள புட்டிகளுக்கு 75 சதவீதமாகக் குறைந்த வரி, இறுதியில் 25 சதவீதமாகும். 5 டாலருக்குக் கீழ் சலுகை இல்லை. எனவே மலிவு விலை ஒயினுக்குப் பாதுகாப்பு நீடிக்கிறது. தரத்தை நம்பி விலையை உயர்த்த முனையும் சிறு ஆலைகளே நேரடிப் போட்டிக்கு உள்ளாகின்றன.

இரண்டு கவாத்து, ஓர் அறுவடை

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் திராட்சைக் கொடி உறங்கும். இலையுதிர் காலத்தையொட்டி அறுவடை நடைபெறும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் உள்ள நாசிக்கில் கொடிக்கு அந்த உறக்கம் கிடையாது. ஆகவே ஏப்ரலில் ஒருமுறையும், மழை ஓயும் செப்டம்பர்–அக்டோபரில் மறுமுறையும் கவாத்து செய்யப்படுகிறது. குளிர்ந்த இரவுகளில் முதிரும் பழங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை பறிக்கப்படுகின்றன. பிப்ரவரிக்குப் பின் வெயில் ஏறும்போது பழத்தில் சர்க்கரை விரைந்து கூடி, அமிலத்தன்மை சரிகிறது.

பொருந்தும் ரகங்கள்

வெப்பத்திலும் அமிலத்தன்மையைத் தக்கவைப்பது செனின் பிளாங்கின் பலம். சாவின்யோன் பிளாங்க் உரிய நேரத்தில் பறித்தால் நல்ல பலன் தருகிறது. உணவுத் திராட்சையான தாம்சன் சீட்லெஸ் கோலோச்சிய இப்பகுதியில், 1990-களின் பிற்பகுதியில் சுலா நிறுவனர் ராஜீவ் சமந்த் நட்டவையும் இவ்விரண்டே. சிவப்பு ஒயினுக்கு ஷிராஸ், கேபர்நே சாவின்யோன் ஆகியவை பயிராகின்றன. உலகப் புகழ் பெற்ற பினோ நுவார், மெல்லிய தோலுடைய குளிர்ப்பிரதேச ரகம் என்பதால் இங்கு எளிதில் தேறுவதில்லை.

மாற்றுச் சந்தை இல்லை

அக்டோபர் மழை அடிச்சாம்பல் நோயைக் கொண்டுவரும். அறுவடைக்கால ஆலங்கட்டி மழை குலைகளைச் சிதைக்கும். பெரிய நிறுவனங்கள் பல தோட்டங்களில் இந்த இழப்பைப் பகிர்ந்துகொள்ள இயலும். சில ஏக்கர்களை நம்பும் ஆலைக்கு அந்த வசதி இல்லை. சிறிய, விதையுள்ள ஒயின் திராட்சைக்குப் பழச்சந்தையிலும் வரவேற்பு இல்லை. ஆலை கொள்முதலை நிறுத்தினால், ஒப்பந்த விவசாயிக்கு வேறு வழி கிடையாது.

உள்நாட்டு விற்பனையும் எளிதில் விரிவடையவில்லை. பல்பொருள் அங்காடிகளில் ஒயின் விற்க 2022 ஜனவரியில் மகாராஷ்டிர அமைச்சரவை அளித்த ஒப்புதல் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

புதிய கொடி முழுமையான விளைச்சல் தரச் சுமார் 3 ஆண்டுகள் ஆகும். அதற்குள் வரி மேலும் குறைந்திருக்கும். சந்தையில் பெயர் பெற்ற ரகத்தைத் தேடுவதா, மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ற ரகத்தில் தரத்தை உயர்த்துவதா என்பதைச் சிறு ஆலைகள் இப்போதே முடிவு செய்தாக வேண்டும்.