வெறும் பாத்திரமா திருப்பிக் கொடுக்கலாமா?

லீவு வரப்போகுது. ஊருக்குப் போகும்போது அப்படியே நேபாளத்துக்கும் ஒரு நடை போய் எவரெஸ்ட் பக்கம் நடந்துவிட்டு வரலாம் என்று பல குடும்பங்கள் திட்டம் போடுகிறார்கள். கூடவே ஒரு கேள்வி: "அங்க இருக்கிற பிள்ளைங்களுக்கு என்ன வாங்கிட்டுப் போகலாம்? சாக்லேட்டா, பேனாவா?"

நல்ல மனசுதான். ஆனா பல் டாக்டரைப் பார்க்க நாள்கணக்கில் நடக்க வேண்டிய ஊர்கள் அங்கே உண்டு. அங்கே சாக்லேட் கொடுத்தால் என்ன ஆகும்? வழியில் போகிறவரிடமெல்லாம் கை நீட்டும் பழக்கமும் சேர்ந்து வரும்.

எட்மண்ட் ஹிலாரி வேறு மாதிரி செய்தார். 1953-இல் டென்சிங் நோர்கேயோடு சிகரம் ஏறியவர், பிறகு ஷெர்பாக்களிடம் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அவர்கள் கேட்டது பள்ளிக்கூடம். 1961-இல் கும்ஜுங்கில் பள்ளி வந்தது. 1964-இல் லுக்லாவில் விமான ஓடுதளம். அதன் மண்ணைக் கெட்டிப்படுத்த ஷெர்பாக்கள் கூட்டமாக ஆடியே மிதித்தார்கள். 1966-இல் குண்டேயில் மருத்துவமனை. 1975-இல் அவருடைய மனைவியும் மகளும் காத்மாண்டு அருகே விமான விபத்தில் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகும் அவர் அந்த மலையை விடவில்லை. 2003-இல் நேபாளம் அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது.

நாம ஹிலாரி இல்லைதான். ஆனா கேட்டுட்டுக் கொடுக்கிறது யாராலும் முடியும். பேனா, நோட்டு கொடுக்கணுமா? பள்ளி ஆசிரியரிடம் கொடுங்க. யாருக்குத் தேவை என்று அவருக்குத் தெரியும்.

அங்கே தங்கும் விடுதிகளில் அறை வாடகை குறைவு. சாப்பாட்டில்தான் அவர்களுக்கு வருமானம். அதனால் படுக்கிற வீட்டிலேயே சாப்பிடுவது மரியாதை. பருப்பும் சோறும் கேட்டால் வயிறு நிறையும்வரை திரும்பத் திரும்பப் பரிமாறுவார்கள். நம்ம வீட்டுப் பந்தி மாதிரிதான்!

சுமை தூக்கி வருபவருக்குக் குளிர்தாங்கும் உடுப்பு இருக்கா, காப்பீடு இருக்கா என்று ஏஜென்சியிடம் கிளம்பும் முன்னாடியே கேளுங்க. பேரம் பேசிக் குறைக்கிற காசு கடைசியில் அவர் முதுகில்தான் விழும். இறங்கும்போது நாம்சேயிலிருந்து லுக்லாவுக்கு ஒரு கிலோ குப்பைப் பை சுமந்து வரும் திட்டமும் இருக்கு. பிள்ளைங்ககூடச் செய்யலாம்.

பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த பாத்திரத்தை நம்ம பாட்டிமார் வெறுமையாகத் திருப்பி அனுப்பியதில்லை. கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் தர்மம் இல்லை, முறை. வாங்கியவர் கொடுக்கிறார், அவ்வளவுதான். மலையில் நமக்கு வழி, சோறு, கூரை எல்லாம் அவர்கள் தருகிறார்கள். விடைபெறும்போது கழுத்தில் வெள்ளைத் துண்டு ஒன்றும் போட்டு வாழ்த்துவார்கள். வாங்குகிறவர் நாமும்தான் என்பதை முதலில் பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க. சாக்லேட் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பலாம்.