ஒரு மணி நேரம்தான்… ஆனா எங்கேயிருந்து?

போன செமஸ்டர்ல எனக்கு பெங்களூருல ஒரு இன்டர்வியூ. நெட்ல தேடினா, சென்னை–பெங்களூரு விமான தூரம் சுமார் 270 கி.மீ., பயண நேரம் ஒரு மணி. "அவ்ளோதானா? பக்கம்தான்"னு அம்மா சந்தோஷப்பட்டாங்க. துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுற அப்பா மட்டும் சிரிச்சார். "கிலோமீட்டரைக் கேக்காதடா, நேரத்தைக் கேளு."

அவர் சொன்னது அன்னிக்குதான் புரிஞ்சது. எங்க வீடு எண்ணூர்ல. நான் போட்ட கணக்கைப் பாருங்க. வீட்டிலிருந்து விம்கோ நகர் மெட்ரோவுக்கு அரை மணி. அங்கிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு ஒரு மணி. செக்-இன், செக்யூரிட்டிக்கு ஒன்றரை மணி. விமானத்துல ஒரு மணி. இறங்கி வெளியே வர அரை மணி. தேவனஹள்ளியிலிருந்து நகருக்குள்ள போக ஒன்றரை மணி. மொத்தம் 6 மணி நேரம். கடந்த தூரம் சுமார் 345 கி.மீ. அப்படின்னா சராசரி வேகம் மணிக்கு 57 கி.மீ.தான்! காலை 7 மணி விமானம்னா இன்னும் மோசம். மெட்ரோவே 5 மணிக்குத்தான் ஆரம்பிக்குது; கால் டாக்ஸிதான் கதி.

ரயில்ல? எண்ணூர்லேருந்து சென்ட்ரலுக்கு, காத்திருக்கிறதையும் சேர்த்து ஒன்றரை மணி. வந்தே பாரத்துல நாலரை மணி. அதுவும் அதே 6 மணி நேரம்தான். ஆனா நேரா ஊர் நடுவுல இறக்கிவிடும்.

தெர்மோடைனமிக்ஸ்ல முதல்ல என்ன சொல்லித் தர்றாங்க? சிஸ்டம் பவுண்டரியை சரியா வரைன்னு. விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குன்னு வரைஞ்சா விடை ஒரு மணி. வீட்டு வாசல்லேருந்து வரைஞ்சா 6 மணி. கிண்டியில இருக்கிறவனுக்கும் எண்ணூர்ல இருக்கிறவனுக்கும் விமான நேரம் ஒண்ணுதான், பயண நேரம் ஒண்ணு இல்ல.

1856-ல தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் கிளம்பினது நம்ம ராயபுரத்துலேருந்துதான். ஒரு காலத்துல ஊரே பயணம் தொடங்க வடசென்னைக்கு வந்துச்சு. 2021-ல மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்தது பெரிய விஷயம், மறுக்கல. ஆனா எண்ணூருக்கு இன்னும் வரல. இப்போ இரண்டாவது விமான நிலையம் பரந்தூர்ல, நகரத்திலிருந்து சுமார் 70 கி.மீ. தள்ளி வரப்போகுதுன்னு சொல்றாங்க. அங்க வேணுமா வேணாமாங்கிறது தனி விவாதம். அந்த ஊர் மக்களோட நிலம் அது. நான் கேக்கிறது ஒண்ணுதான்: எங்க கட்டினாலும், திட்ட அறிக்கையில "பயண நேரம்"னு எழுதும்போது எண்ணூர், திருவொற்றியூர், காசிமேட்டிலிருந்தும் கணக்கு போடுங்க.

துறைமுகமும் தொழிற்சாலைகளும் எங்க பக்கம். லாரி நெரிசலும் புகையும் எங்க பக்கம். வேகம் மட்டும் ஏன் எப்பவும் அந்தப் பக்கமே?

இன்டர்வியூவுக்கு நான் ரயில்லதான் போனேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.